பிறேபனின் ஓடைக்கரைக்கு நான் நான்கு தரம் போனது

பெயர்: நிரூபா கஜீவன்
வயது: 39
தொழில்: தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் குடிநீர் மாதிரி எடுப்பவர்
முகவரி: இலக்கம் 907, பதினான்கு மாடிக் கட்டடம், டோர்செட் பார்க், ஸ்காபரோ, ரொறன்ரோ
பதியப்பட்டது: 2025 ஒக்ரோபர் 20, திங்கட்கிழமை, காலை 10.20 முதல்

மேற்படி முகவரியில் எனது கணவர் கஜீவனுடன் வசித்து வருகிறேன். பிறந்தது சாவகச்சேரியில். பதினான்கு வயதில் பெற்றோருடன் டென்மார்க் சென்று, அங்கே படித்து, அங்கே வேலை செய்து, திருமணமான பின்னர் 2024 பெப்ரவரியில் ரொறன்ரோ வந்தேன். எனக்கு டேனிஷும் ஆங்கிலமும் நன்றாகத் தெரியும். ஆனாலும் சொல்லவேண்டிய விஷயம் கொஞ்சம் வெட்கமானது என்பதால் தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன். அதன்படி மொழிபெயர்ப்பாளர் திரு. சேதுராமன் நான் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதி, எனக்கு வாசித்துக் காட்டி, பொலிஸ் உத்தியோகத்தருக்கு ஆங்கிலத்திலும் சொல்லி வருகிறார். அவர் மதுரைக்காரர். எனது சில சொற்களை இரண்டு தரம் கேட்டே எழுதுகிறார்.

ஒக்ரோபர் 16, 17, 18 ஆகிய மூன்று நாட்களும் எங்கள் கட்டடத்தின் கீழ்க்கூடத்தில், போகச் சொல்லியும் போகாமல், ஒரு வெள்ளைக்காரர் நின்றது பற்றியே இந்த விசாரணை. அவர் பெயர் பிறேபன். வயது 61. டென்மார்க்கின் மேற்குப் பகுதியில் பார்லியும் உருளைக்கிழங்கும் பயிரிடுபவர். வருகிற நவம்பர் 4ஆம் திகதி அங்கே அவருடைய மேன்முறையீடு விசாரிக்கப்படுகிறது. அதில் தோற்றால் ‘வேண்டுமென்றே சுற்றாடல் விதியை மீறியவர்’ என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிடும். அப்படி நிலைத்தால் முப்பத்திரண்டு வருடமாக அவர் குத்தகைக்குச் செய்யும் நிலம் கையை விட்டுப் போகும். குத்தகைப் பத்திரத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறதாம். அவர் மீது குறை கண்ட நான்கு பரிசோதனைகளுக்கும் அவருடைய பண்ணை எப்படித் தெரிவானது என்பதைச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். அதைக் கேட்கவே அவர் வந்தார்.

நடந்ததை நடந்த வரிசையில் சொல்லும்படி உத்தியோகத்தர் கேட்டார். அப்படியானால் 2023 மார்ச்சில் தொடங்கவேண்டும் என்றேன். 16ஆம் திகதி வியாழக்கிழமையில் தொடங்கினால் போதும் என்றார். வியாழக்கிழமையில் தொடங்கினால் ஒரு பைத்தியக்காரர் வாசலில் நின்ற கதையாகத்தான் அது முடியும் என்று நான் சொன்னதும், சரி மார்ச்சில் தொடங்குங்கள் என்று கதிரையில் சாய்ந்துகொண்டார். அவருக்கும் அறிய ஆவலாக இருந்தது என்றே நினைக்கிறேன்.

2023ஆம் ஆண்டு நான் டென்மார்க்கில் ஒரு தனியார் நிறுவனத்தில் வெளிக்களப் பரிசோதகராக வேலை செய்தேன். நிறுவனத்தின் பெயரையும் நகரசபையின் பெயரையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். விளைநிலம் ஓடையைத் தொடும் இடங்களில், கரையின் மேல் விளிம்பிலிருந்து மூன்று மீற்றர் அகலத்துக்கு உரமும் மருந்தும் படாத புல்வரிசை இருக்கவேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அதை நாடா பிடித்து அளந்து தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது எனது வேலை. இந்த இடத்தில் உத்தியோகத்தர் எழுந்து மேசையிலிருந்து கதவுப் பக்கமாக மூன்று பெரிய எட்டு வைத்துப் பார்த்து, இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவுதான். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அளக்கப் போகிற ஆள் எந்த வாசலில் இறங்குகிறார் என்பதில்தான் வித்தியாசம் வரும்.

எந்தப் பண்ணைக்குப் போவது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டு மாதாமாதம் பட்டியலாகத் தரும். படலை பூட்டியிருந்தாலோ, நாய் அவிழ்த்து விட்டிருந்தாலோ, அங்கே போகமுடியவில்லை என்று குறித்துவிட்டு, அதே ஓடையோரம் உள்ள வேறொரு பண்ணையைப் பதிலாகப் பார்க்கலாம். எது அந்தப் பதில் பண்ணை என்று தீர்மானிப்பது நான். காரணம் எழுதத் தாளில் ஒரு சிறு பெட்டி இருந்தது. அதில் ‘பொருத்தமானது’ என்று ஒரே சொல்லை எழுதுவேன். எட்டு மாதத்தில் ஒருவரும் அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. பார்க்காமல் விட்ட பண்ணையின் பெயர் அடுத்த பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும்.

அடுத்ததை எழுதச் சொன்னபோது திரு. சேதுராமன் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். எழுதுங்கோ அண்ணை, அதுதான் முக்கியம் என்றேன். வயல்வெளியில் கழிப்பறை கிடையாது. என்னுடன் வேலை செய்தவர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்களுக்கு ஒரு வேலியோ மரமோ போதும். எனக்குக் காலை ஏழு மணி முதல் பின்னேரம் நான்கு மணி வரை ஒன்றும் இல்லை. ஆகவே காலையில் தண்ணீர் குடிக்காமல் புறப்பட்டு, நாள் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஓடையை அளந்துகொண்டு நின்றேன். அந்த வருடத்தில் இரண்டு தரம் சலக்கடுப்பு வந்து மருந்து எடுத்தேன். மேலதிகாரியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

மார்ச் 14ஆம் திகதி பட்டியலின்படி முதற்தடவையாகப் பிறேபனின் பண்ணைக்குப் போனேன். நாற்பது இடங்களில் அளந்ததில் ஓரிடத்தில் இரண்டு மீற்றர் அறுபது சென்ரிமீற்றர் இருந்தது. அவர் கோபப்படவில்லை. நாடாவை எங்கே பிடிக்கிறேன், ஏன் அங்கே பிடிக்கிறேன் என்று பக்கத்தில் குந்தியிருந்து கேட்டார். அதன் பின்னர் பூட்ஸோடு ஓடைக்குள் இறங்கி, மாரியில் கரை இடிந்து விழுந்த இடத்தைக் காட்டி, நான் வயலை ஓடைப் பக்கம் தள்ளவில்லை, ஓடைதான் என் பக்கம் வந்திருக்கிறது என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அதை எழுதத் தாளில் இடம் இல்லை என்றேன். அதன் பின்னர், கேட்கக்கூடாது என்று தெரிந்தும், உங்கள் வீட்டுக் கழிப்பறையைப் பாவிக்கலாமா என்று கேட்டேன். அவருடைய மனைவி இங்கர் என்னை உள்ளே கூட்டிப்போனார். வெளியே வந்தபோது மேசையில் தேநீர் வைத்திருந்தார். அந்தக் கழிப்பறை கதவடியில் உள்ள சின்ன அறை, ஆள் விறைத்துப்போகும் குளிர். அதற்காக இங்கர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

மே 23ஆம் திகதி பட்டியலில் இருந்தது பிறேபனின் பண்ணை அல்ல, ஓடையின் எதிர்க்கரையில் உள்ள பண்ணை. அங்கே வாசலில் இரண்டு பெரிய நாய்கள். காரிலிருந்து இறங்காமலே திரும்பினேன். அதன் பின்னர் பாலத்தைக் கடந்து பிறேபனின் வளவுக்குள் காரை விட்டேன். அதே ஓடையில் வேறு ஐந்து பண்ணைகள் இருந்தன. அவற்றில் ஏதாவது ஒன்றுக்கு நான் போயிருக்கலாம். அன்று காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தேன், வேறொன்றும் யோசிக்கவில்லை. கதவடி அறைக்குள் போனபோது சுவரில் புதிதாக ஒரு சிறிய ஹீற்றர் எரிந்துகொண்டிருந்தது. கீழே பெண்கள் போடும் செருப்பு ஒரு சோடி, எனது அளவுக்கு. நீ திரும்ப வரக்கூடும் என்று வாங்கி வைத்தேன் என்று இங்கர் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அதன் பின்னர் வெளியே போய் அவருடைய கணவரின் கரையை அளந்தேன். ஓரிடத்தில் இருபது சென்ரிமீற்றர் குறைந்திருந்தது, எழுதினேன்.

ஓகஸ்ட் 17ஆம் திகதியும் அப்படியே. எதிர்க்கரைப் பண்ணையின் பெயர் பட்டியலில் முதலாவதாக இருந்தது, நாய்கள் இருந்தன, நான் பிறேபனிடம் வந்தேன். அவர் மார்ச்சில் குறைந்த இடத்திலும் மே மாதம் குறைந்த இடத்திலும் புல்லை நான்கு மீற்றருக்கு அகட்டியிருந்தார். ஓடை மூன்றாவதாக ஓரிடத்தைத் தின்றிருந்தது. எவருடைய கரையை நான்கு தரம் அளந்தாலும் ஏதோ ஓரிடத்தில் குறையத்தான் செய்யும். அன்று அவர் எதிர்க்கரையைக் காட்டினார். அங்கே சோளம் விளிம்பு வரை வந்து தண்ணீருக்குள் சாய்ந்து நின்றது. புல் என்று ஒரு கைப்பிடியும் இல்லை. அதே தண்ணீர்தானே, அங்கே யாரும் அளப்பதில்லையா என்று கேட்டார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை, விளங்காத ஒன்றை விளங்கக் கேட்டார். அந்தப் பண்ணை எனது பட்டியலில் இல்லை என்று நான் சொன்னேன். அந்த நேரம் பட்டியல் எனது ஜக்கற் பைக்குள் இருந்தது. அது நான் சொன்ன பொய்.

ஒக்ரோபர் 24ஆம் திகதி நான்காவது தடவை போனேன். காரணம் மேலே சொன்னதுதான். நான்கு தடவை குறைவு காணப்பட்டதால் கவனக்குறைவு என்பது நீங்கி, வேண்டுமென்றே செய்தது என்ற வகைக்குள் அவருடைய வழக்குக் கோவை போனது. அதைத் தீர்மானித்தது நான் அல்ல, நான் எழுதிக் கொடுத்த நான்கு தாள்கள். எதிர்க்கரைப் பண்ணைக்கு அந்த வருடம் ஒரு தாளும் இல்லை. அதன் பின்னர் டிசம்பரில் வேலையை விட்டு, பெப்ரவரியில் கனடா வந்தேன்.

நிறுவனத்துக்கு டேனிஷ் மொழியில் தாள் எழுதிக் கொடுத்தாலும், களத்தில் எனது சொந்தக் குறிப்புப் புத்தகத்தில் தமிழில்தான் எழுதினேன். விறைத்த கையோடு எனக்கு அதுதான் வேகமாக வரும். தாள்களின் அடியிலும் தமிழிலேயே கையெழுத்திட்டேன். குறிப்புப் புத்தகம் எனது வெளிக்கள ஜக்கற்றுக்குள் கிடந்து ரொறன்ரோ வரை வந்துவிட்டது. சென்ற ஜனவரியில் அந்த ஜக்கற்றைப் போட்டபோது கையில் தட்டுப்பட்டது. திறந்து வாசித்தேன். வாசித்துவிட்டுத் திரும்பப் பைக்குள்ளேயே வைத்தேன். எறியவும் மனம் வரவில்லை, யாரிடமும் காட்டவும் மனம் வரவில்லை.

பிறேபன் என்னைக் கண்டுபிடித்த விதம் எனக்கு நேரில் தெரியாது. அவரிடமும் இங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அன்ரனெற் அன்ரியிடமும் பிறகு கேட்டு அறிந்ததைச் சொல்கிறேன். அவர் நிறுவனத்துக்கு இரண்டு கடிதம் போட்டிருக்கிறார். பதில் பண்ணைகள் நடைமுறைப்படி தெரிவு செய்யப்பட்டன என்று இரண்டு தடவையும் ஒரே பதில் வந்திருக்கிறது. அந்த நடைமுறை என்னவென்று அறிய அவருக்கு ஆசை வந்துவிட்டது. தனக்கு எதிராக யாரோ பெரிய இடத்தில் வேலை செய்கிறார்கள், எதிர்க்கரைக்காரனுக்கு நகரசபையில் ஆள் இருக்கிறது என்று ஊரில் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அவர் அதை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. பக்கத்து நகரத்தில் இருந்த தமிழர்களிடம் விசாரித்ததில், அந்தப் பிள்ளை கலியாணம் முடித்து ரொறன்ரோவில் ஸ்காபரோவுக்குப் போய்விட்டது என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. உருளைக்கிழங்கு கிண்டி முடிந்ததும் விமானம் ஏறிவிட்டார்.

ஒக்ரோபர் 15ஆம் திகதி புதன்கிழமை, அஜின்கோர்ட்டில் கொத்து ரொட்டியும் பற்றிஸும் விற்கும் அன்ரனெற் அன்ரியின் கடைக்குள் போய், எனது கையெழுத்து உள்ள தாளைக் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே வைத்து, இதை வாசிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். அன்ரனெற் அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு, “இது எங்கட பிள்ளையின்ரை கையெழுத்து. நிரூபா. எந்த நிரூபா எண்டுதான் தெரியேல்லை” என்றாராம். அதன் பின்னர் கடையில் நின்றவர்கள் எல்லோரும் அதை ஒரு பொது வேலையாக எடுத்துக்கொண்டார்கள். ரூஜில் ஒரு நிரூபா பல் வைத்தியரிடம் வேலை செய்கிறார், அவர் இல்லை என்றாகியது. இன்னொரு நிரூபா கொழும்பிலிருந்து வந்தவர். கடைசியில் யாரோ, டென்மார்க்கில் இருந்து வந்து தண்ணீர் பார்க்கிற பிள்ளை டோர்செட் பார்க்கில் இருக்கிறது என்று கட்டடத்தைச் சொல்லிவிட்டார். அதற்குள் பிறேபன் இரண்டு மீன் ரோல்ஸ் சாப்பிட்டு முடித்திருந்தார். உறைப்பில் மூக்கு வடிந்ததாம், ஆனாலும் மூன்றாவதும் கேட்டாராம்.

கட்டடம் தெரிந்ததே தவிர வீட்டு இலக்கம் அவருக்குத் தெரியாது. வியாழக்கிழமை காலை முதல் கீழ்க்கூடத்தில் நின்று, வருபவர்களிடம் தாளைக் காட்டியிருக்கிறார். கட்டடப் பொறுப்பாளர் மரியோ (அவரும் தமிழர்தான்) எனது வீட்டுக்கு அழைத்துக் கேட்டபோது, எனது கணவர், அப்படி யாரையும் எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். அன்று பின்னேரம் அதை என்னிடம் சொன்னார். டென்மார்க்கிலிருந்து என்னைத் தேடி யார் வரப்போகிறார்கள் என்று யோசித்தேன். நான் திருப்பிக் கொடுக்காத நூலகப் புத்தகம் ஒன்று ஞாபகம் வந்தது. அதற்காக ஆள் அனுப்பமாட்டார்கள் என்று எண்ணி விட்டுவிட்டேன். நான் விடிய நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தால் வேலைக்குப் போய் அதே வழியால் மேலே வருபவள் என்பதால், இரண்டு நாளும் அவரைக் காணவில்லை.

18ஆம் திகதி சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிபோல் கடைக்குப் போய்வந்து, கையில் பைகள் இருந்தபடியால் முன்வாசலால் வந்தேன். மரியோ ஓடிவந்து, “தங்கச்சி, உங்களைத் தேடி ஒரு வெள்ளைக்காரன் மூண்டு நாளா நிக்கிறான். உங்கட பேரைத் தமிழிலை வச்சிருக்கிறான். எனக்குப் பயமாக் கிடக்கு, பொலிசுக்கு அடிச்சுப்போட்டன்” என்றார். ஆறாம் மாடி இராஜரட்ணம் அண்ணையும் பக்கத்தில் நின்றார். அவர் மூன்று நாளும் கீழே இறங்கி அந்த மனிதரைக் கவனித்திருக்கிறார். “உவர் ஆரோடையும் சண்டைக்குப் போகேல்லைப் பிள்ளை. வெளிக்கதவு காத்துக்கு அடிச்சுக்கொண்டு கிடந்தது, உவர்தான் ஆணியை இறுக்கிவிட்டவர்” என்றார். இரண்டையும் அப்படியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பிறேபன் கதிரையில் தொப்பியைப் பிடித்தபடி இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, நிரூபா என்றார். நான் அடையாளம் கண்டுகொண்டேன். ஓடிப்போய் மின்தூக்கிக்குள் ஏறலாம் என்று நினைத்தேன். அதன் பின்னர், மேலே வாருங்கள் என்று டேனிஷில் சொன்னேன். மரியோ வேண்டாம் என்று தடுத்தார். எனக்கு இவரைத் தெரியும், இவருடைய வீட்டில் நான் தேத்தண்ணி குடித்திருக்கிறேன் என்று சொல்லி அழைத்துப் போனேன். எனது விருப்பத்தின் பேரிலேயே அவர் எனது வீட்டுக்குள் வந்தார்.

கதவைத் திறந்ததும் அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தயங்கி நின்று, மன்னிக்க வேண்டும், முதலில் உங்கள் கழிப்பறையைப் பாவிக்கலாமா என்று கேட்டார். கீழ்க்கூடத்தில் உள்ளது குடியிருப்பாளர்களுக்கு மட்டும் என்று மூன்று நாளும் மறுத்துவிட்டார்களாம். வீதிக்கு அப்பால் உள்ள கோப்பிக் கடைக்கு நடந்து போனால் அந்த நேரம் பார்த்து நான் வந்துவிடுவேன் என்ற பயத்தில், காலையிலிருந்து அடக்கிக்கொண்டு இருந்தாராம். அறையைக் காட்டினேன். அவர் உள்ளே போன பிறகு சுவரில் சாய்ந்து நின்றேன். எனக்கு வெட்கம் தாங்கமுடியவில்லை. மூன்று நாள் அந்த மனிதர் நின்ற நிலையை எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எனது கணவர் குசினிக்குள் என்னைக் கூப்பிட்டு, “நீர் கவனமாக் கதையும். உதைச் சொன்னால் இஞ்சத்தை வேலைக்கும் ஆபத்து வரும். ஆருக்கும் தெரியாதுதானே” என்றார். அவர் எனது நன்மைக்குத்தான் சொன்னார், பயந்த மனிதர். எனது இப்போதைய வேலையும் மாதிரி எடுத்துக் கையெழுத்துப் போடுகிற வேலைதான். எனக்குத் தெரியுமே என்று மட்டும் சொன்னேன். அதன் பின்னர் மூன்று பேருக்கும் இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு மேசைக்கு வந்தேன்.

பிறேபன் நான்கு தாள்களையும் மேசையில் வரிசையாக வைத்தார். எனக்கு யார் மீதும் கோபம் இல்லை, ஏன் நான் என்று மட்டும் தெரியவேண்டும் என்றார். உங்களிடம் கழிப்பறை இருந்தது என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. ஆகவே முதலிலிருந்து சொன்னேன். நாய்களைச் சொன்னேன், பதில் பண்ணையைச் சொன்னேன், ‘பொருத்தமானது’ என்ற சொல்லைச் சொன்னேன். நான்கு தரமுமா என்று கேட்டார். மூன்று தரம், முதல் தரம் கணினி அனுப்பியது என்றேன். அப்படியானால் நகரசபையில் யாரும் இல்லையா என்று கேட்டார். ஒருவரும் இல்லை, நான்தான் என்றேன். அவருக்கு அது ஏமாற்றமாக இருந்ததை முகத்தில் கண்டேன். பெரிய எதிரி ஒருவரைத் தேடிக் கடல் தாண்டி வந்தவருக்கு நான் போதாதுதான்.

அதன் பின்னர் அவர், எதிர்க்கரைப் பண்ணையின் பெயர் உங்கள் பட்டியலில் ஒருநாளும் வரவில்லையா என்று கேட்டார். ஓகஸ்ட்டில் கேட்ட அதே கேள்வி. நான் எழுந்து போய் ஜக்கற்றிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்துவந்து மூன்று பக்கங்களைத் திறந்து, தமிழில் வாசித்து டேனிஷில் சொன்னேன். உதாரணமாக மே 23ஆம் திகதிப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: “பட்டியல் முதலாவது எதிர்க்கரை. நாய் ரெண்டு. இறங்கேல்லை. பிறேபன் வீட்டை போனன். 2.80. ஹீற்றர் வச்சிருக்கினம்.” ஓகஸ்ட் 17ஆம் திகதிப் பக்கத்தில்: “எதிர்க்கரைச் சோளம் தண்ணிக்கை விழுகுது. கேட்டவர். இல்லை எண்டு சொல்லிப்போட்டன்.” இந்தப் பக்கங்களின் படிகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். மூலப் புத்தகத்தையும் ஒப்படைக்கத் தயார்.

ஹீற்றர் என்ற இடம் வந்ததும் பிறேபன் கையை உயர்த்தி நிறுத்தினார். அதை வாங்கியது இங்கர் என்றார். அந்தப் பிள்ளை விறைத்துப்போய் வருகிறாள் என்று சொல்லி நகரத்துக்குப் போய் வாங்கி வந்தாள், செருப்பையும் அவள்தான் வாங்கினாள் என்றார். அதன் பின்னர் என்னிடம் ஒன்று கேட்டார். எல்லாவற்றையும் எழுதுங்கள், ஹீற்றரை மட்டும் எழுதவேண்டாம், இங்கர் அதை வாசிப்பாள் என்றார். அப்போது கதவு தட்டப்பட்டது. திறந்தபோது இரண்டு உத்தியோகத்தர்கள் நின்றார்கள். உள்ளே வந்தபோது நாங்கள் மூவரும் மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்ததை அவர்களே கண்டார்கள்.

உத்தியோகத்தர் கேட்ட கேள்விகளுக்கு எனது பதில்: பிறேபன் என்னை மிரட்டவில்லை, தொடவில்லை, சத்தமாகப் பேசவும் இல்லை. பணமோ வேறெதுவுமோ தருவதாகச் சொல்லவில்லை. கூடத்தில் நின்றது பிழை என்றால், அவருக்கு அந்த வேலையை வைத்தவள் நான். அவர் மீது முறைப்பாடு எதுவும் எனக்கு இல்லை. இந்த வாக்குமூலத்தால் இங்கேயும் அங்கேயும் எனது பெயருக்கு என்ன வரக்கூடும் என்று எனக்குத் தெரியும். நேற்று எனது மேலாளரிடம் நானே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. இதன் உறுதிப்படுத்திய படி ஒன்றை நவம்பர் 4ஆம் திகதிக்கு முன்னர் பிறேபனின் கையில் கிடைக்கும்படி தரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவர் என்னிடம் கேட்ட அந்த ஒன்றைப் பற்றி இரண்டு நாளாக யோசித்தேன். ஹீற்றரை விட்டுவிட்டால், நான் ஏன் மற்ற ஐந்து பண்ணைகளை விட்டு அவரிடமே திரும்பத் திரும்பப் போனேன் என்பதற்குக் காரணம் இல்லாமல் போகும். காரணம் இல்லாவிட்டால் எவரும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் நிலம் போய்விடும். ஆகவே எழுதச் சொல்லியிருக்கிறேன். இங்கர் இதை வாசித்தால், அந்த அறையில் எனக்குக் குளிரவில்லை என்பதையும் சேர்த்து வாசிக்கட்டும்.

எனக்கு வாசித்துக் காட்டப்பட்ட இவ்வளவும் நான் என் வாயால் சொன்னது, ஒருவரும் சொல்லித் தந்ததல்ல. கரையும் நாய்களும் ஹீற்றரும் நான் சொன்ன பொய்யும் இதில் எழுதியபடியே நடந்தவை. அந்த நான்கு தாள்களில் உள்ள கையெழுத்தும் கீழே உள்ள கையெழுத்தும் ஒரே கையால் போடப்பட்டவை என்று ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, இதிலும் தமிழிலேயே கையெழுத்திடுகிறேன்.

நிரூபா
20.10.2025, பிற்பகல் 1.05

எழுதி வாசித்துக் காட்டியவர்: சேதுராமன், மொழிபெயர்ப்பாளர்